பார்க்க விட்டு, எடுக்க விடாமல்

போனில் ஓடும் ஓடிடி படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். பல செயலிகளில் கேலரிக்கு வந்து சேர்வது வெறும் கறுப்புச் சட்டகம்தான். சில நேரம் அடியில் வசன வரிகள்கூட இருக்கும். படம் மட்டும் இருக்காது. கண்ணெதிரே ஓடும் காட்சி, அந்தப் போனை இயக்கிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்கே எட்டவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள், அதன் சொந்தக்காரர் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. அதைக் கட்டி எழுப்பப் பொறியாளர்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஒரு கருவி கடைசியில் யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கட்டுமானத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் எழுகிறது.

மறையாக்கம் பழைய கலை. வங்கிக்கு நீங்கள் அனுப்பும் கடவுச்சொல் நடுவில் யார் கையில் சிக்கினாலும் அவருக்குப் புரியாதபடி செய்வது அதன் வேலை. அங்கே அனுப்புபவர், பெறுபவர், ஒட்டுக்கேட்பவர் என மூன்று பேர். பெறுபவரை நம்பலாம், ஒட்டுக்கேட்பவரை நம்பக் கூடாது. திரைப்படம் என்று வரும்போது இந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. படத்தைப் பெறுபவரும் நீங்கள்தான்; பிரதி எடுத்துவிடுவாரோ என்று தயாரிப்பாளர் அஞ்சுவதும் உங்களைத்தான். படம் தெரிய வேண்டுமானால் சாவி உங்கள் கருவிக்குள் வந்தாக வேண்டும். வந்த சாவி உங்கள் கண்ணில் படவும் கூடாது. டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் உரிமை மேலாண்மையின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

கணிதத்தில் இதற்கு விடை இல்லை. அதனால் நிரல் ஓடும் சூழலுக்குள் விடை தேடினார்கள். ஒரு நிரல் ஓடும் நேரத்தில் அதைச் சுற்றியிருக்கும் நினைவகம், துணை நிரல்கள், இயங்குதளம் தரும் அனுமதிகள் எல்லாம் சேர்ந்ததே அதன் இயங்குசூழல். இணையப் பக்கத்துக்கு உலாவிதான் இயங்குசூழல். வட்டில் கிடக்கும் கோப்பைப் பூட்டி வைப்பதில் சிரமம் இல்லை. ஓடும்போது அது திறந்துதான் ஆக வேண்டும். திறந்திருக்கும் அந்த நொடியில் அருகில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதில்தான் எல்லாப் போராட்டமும்.

முதல் தோல்வி டிவிடியில் நடந்தது. 1996இல் அறிமுகமான டிவிடி, சிஎஸ்எஸ் என்ற 40 பிட் மறையாக்கத்தோடு வந்தது. பிளேயர் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சாவி. வட்டைத் திறக்கும் சாவியை அந்த நிறுவனச் சாவிகள் ஒவ்வொன்றாலும் தனித்தனியே பூட்டி, வட்டிலேயே வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் சாவி கசிந்தால், இனி அச்சாகும் வட்டுகளில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாம் என்பது திட்டம். தனிப் பெட்டியாக விற்ற பிளேயர்களில் சாவி சில்லுக்குள் இருந்தது. கணினிக்கான பிளேயர் மென்பொருளிலோ அது நிரலின் மற்ற பைட்டுகளோடு கலந்து கிடந்தது. ஜிங் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அதைச் சரியாக மறைக்கவில்லை. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் உலகமெங்கும் பரவிவிட்டது. ஒரு சாவி கிடைத்ததும் மறையாக்க முறையின் பலவீனங்களும் தெரிந்துபோக, மற்றச் சாவிகளையும் கணக்கிட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். நிரலை உருவாக்கியவர்களில் ஒருவரான நார்வே நாட்டுச் சிறுவன் யோன் லேக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. வழக்கு நடந்தது. தானே வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பதற்கு வழி செய்தது குற்றமாகாது என்று 2003இல் நார்வே நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன.

40 பிட் சின்னது, அதனால்தான் உடைந்தது என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த தலைமுறையான ஹெச்டி டிவிடிக்கும் புளூரேக்கும் 128 பிட் சாவி கொடுத்தார்கள். 128 பிட்டில் அமையக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். உலகத்துக் கணினிகளையெல்லாம் கூட்டி வைத்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடியாது. 2006 டிசம்பரில் மஸ்லிக்ஸ்64 என்ற புனைபெயரில் வந்த ஒருவர் அந்தப் பக்கமே போகவில்லை. பிளேயர் மென்பொருள் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கணினியின் நினைவகத்தில் தேடினார். படம் ஓடுகிறதென்றால் சாவி அங்கே எங்கோ இருந்துதான் ஆக வேண்டும். 100 எம்பி நினைவகத்தில் 16 பைட் நீளச் சாவி ஒன்று தொடங்கக்கூடிய இடங்கள் சுமார் 10 கோடிதான். அத்தனையையும் சாதாரண மேசைக் கணினியே சில நிமிடங்களில் சோதித்துவிடும். 39 இலக்க எண் 9 இலக்கமாகச் சுருங்கியது. மறையாக்கத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பாடம் இது. எவ்வளவு வலுவான மறையாக்கமாக இருந்தாலும், அது ஓடும் இடம் எவ்வளவு வலுவானதோ அவ்வளவுதான் அதன் வலு.

அதற்கு முன்பே இன்னொரு கூட்டம் இயங்குதளத்தையே வளைத்துப் பார்த்திருந்தது. சோனி பிஎம்ஜி விற்ற சில இசைக் குறுந்தட்டுகளைக் கணினியில் போட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று விண்டோஸின் அடியாழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பும் பயனர் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. 2005 அக்டோபர் 31 அன்று விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் இதைக் கண்டறிந்து அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் நடந்தன. பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிதான் கெட்டது. திருட்டுப் பிரதியைத் தரவிறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பிறகு வந்த யோசனை நுட்பமானது. சாவி நினைவகத்தில் முழுதாக எப்போதுமே இருக்கக் கூடாது. கனடாவின் கிளோக்வேர் நிறுவனத்தில் ஸ்டான்லி சோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை படிப்படியாகச் செய்யும் கணக்குகளையெல்லாம் முன்கூட்டியே செய்து, விடைகளைப் பெரிய அட்டவணைகளாக அடுக்கிவிடுவார்கள். சாவி அந்த அட்டவணைகளுக்குள் குழம்பில் உப்பைப் போலக் கரைந்துவிடும். எங்கும் இருக்கும், எங்கும் எடுக்க முடியாது. வெண்பெட்டி மறையாக்கம் என்று இதற்குப் பெயர். எதிராளி நிரலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை ஒப்புக்கொண்டே வடிவமைத்த முறை இது. அந்த நேர்மையும் துணிச்சலும் பாராட்டத்தக்கவை. ஆனால் 2004இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அட்டவணைகளிலிருந்து சாவியைத் திரும்பப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 2016இல் வந்த தாக்குதல் இன்னும் எளிது. நிரலின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளக்கூட வேண்டாம். பல உள்ளீடுகளைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எதைத் தொடுகிறது என்று பதிவு செய்து, அந்தப் பதிவுகளைப் புள்ளியியல்படி ஒப்பிட்டாலே சாவி வெளிப்பட்டுவிடும்.

இதற்குள் திரைப்படம் வட்டை விட்டு இணையத்துக்கு வந்திருந்தது. தொடக்கத்தில் ஃபிளாஷ், சில்வர்லைட் போன்ற செருகுநிரல்கள் அந்த வேலையைச் செய்தன. பிறகு உலாவிக்குள்ளேயே அதற்கென ஒரு கூறு வைத்தார்கள். இன்று ஒரு படத்தைத் தொட்டதும் நடப்பது இதுதான். படம் சில நொடி நீளத் துண்டுகளாக, ஏஇஎஸ் கொண்டு பூட்டப்பட்டு வருகிறது. எந்தச் சாவி தேவை என்ற அடையாள எண் மட்டும் தலைப்பில் திறந்திருக்கும். உலாவி அதைத் தன்னுள் இருக்கும் மறைநீக்கக் கூறிடம் கொடுக்கும். அந்தக் கூறு ஒரு கோரிக்கை எழுதி, கருவிக்கே உரிய ரகசியத்தால் முத்திரையிட்டுத் தரும். இணையப் பக்கம் அதை உரிமச் சேவையகத்துக்கு எடுத்துச் செல்லும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பக்கத்துக்குத் தெரியாது. சேவையகம் சந்தா இருக்கிறதா, கருவி எந்தத் தரம் என்று பார்த்து, படத்தின் சாவியை அந்தக் கூறு மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பும். எத்தனை மணி நேரம் பார்க்கலாம், எந்தத் தெளிவில் பார்க்கலாம், வெளித்திரைக்கு அனுப்பலாமா என்ற விதிகளும் கூடவே வரும். கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகியவை இந்தக் கூறுகளில் முதன்மையானவை. உலாவிக்கும் இவற்றுக்கும் இடையிலான பேச்சுமொழியை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர் 18 அன்று தரமாக அறிவித்தது. உறுப்பினர் வாக்கு 108க்கு 57. அதே நாளில் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு டபிள்யூ3சியிலிருந்து விலகியது. பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஆய்வாளர்கள் மீதும், பார்வையற்றோருக்காக வசதி செய்பவர்கள் மீதும் வழக்குப் போடமாட்டோம் என்று உறுப்பினர்கள் உறுதி தர வேண்டும் என அது கேட்டிருந்தது. அந்த உறுதி கிடைக்கவில்லை. மிகச் சிறிய கோரிக்கை அது, மறுத்திருக்க வேண்டியதில்லை.

மென்பொருளை நம்பி ஏமாந்தவர்கள் கடைசியில் சில்லுக்குள் இறங்கினார்கள். பெரும்பாலான போன்களில் இருக்கும் ஆர்ம் நுண்செயலிகளில் டிரஸ்ட்ஸோன் என்ற அமைப்பு உண்டு. ஒரே நுண்செயலி இரண்டு உலகங்களாக வேலை செய்யும். ஆண்ட்ராய்டும் நீங்கள் நிறுவும் செயலிகளும் சாதாரண உலகத்தில் இருக்கும். பாதுகாப்பு உலகத்தில் தனியாக ஒரு சிற்றியங்குதளம் ஓடும். நினைவகத்தின் எந்தப் பகுதி எந்த உலகத்துக்கு என்பதை வன்பொருளே காவல் காக்கும். ஆண்ட்ராய்டின் முழு அதிகாரமும் உங்கள் கையில் இருந்தாலும் அந்தப் பக்கம் படிக்க முடியாது. கருவிக்குரிய ரகசியத்தைத் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்துவிடுகிறார்கள். வைட்வைனின் எல்1 தரத்தில் சாவி திறப்பது, படத்தை விரிப்பது, திரைக்கு அனுப்புவது மூன்றும் இந்த அரணுக்குள் நடக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நிரல் கை நீட்டும்போது படம் இருக்கும் நினைவகத்துக்கு அனுமதி கிடைப்பதில்லை, கறுப்புதான் கிடைக்கிறது. அரண் இல்லாத கருவிகளுக்கு எல்3. அங்கே எல்லாம் மென்பொருள்தான். அந்தக் கருவிகளுக்குச் சேவையகம் குறைந்த தெளிவுக்குரிய சாவியை மட்டும் தரும். திரை நன்றாக இருந்தும் சில போன்களில் படம் மங்கலாகவே வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் போனில் வேறு இயங்குதளம் போடலாம் என்று பூட்லோடரைத் திறந்தால், சில மாதிரிகளில் எல்1 தகுதி போய் எல்3க்கு இறங்கிவிடும். சொந்தக் கருவியின் மீது உரிமை எடுத்துக்கொண்டதற்குத் தண்டனை போலவே அது இருக்கிறது.

எல்3 நிலைக்கவில்லை. 2019 ஜனவரியில் டேவிட் புகானன் என்ற ஆய்வாளர் அதன் வெண்பெட்டியை உடைத்துவிட்டதாக அறிவித்தார். கணக்கின் கடைசிப் படிகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, தவறான விடையையும் சரியான விடையையும் ஒப்பிட்டுச் சாவியைப் பின்னோக்கிக் கணிக்கும் முறை அது. ஸ்மார்ட் அட்டைகளுக்கு எதிராக 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் அறிந்திருந்த வித்தை.

சில்லுக்குள் இறங்குவதிலும் ஒரு விலை உண்டு. கணினியில் 4கே புளூரே வட்டைப் பார்க்க, இன்டெல் 2015இல் கொண்டுவந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற அரண் கட்டாயமாக இருந்தது. 11ஆம், 12ஆம் தலைமுறை கோர் நுண்செயலிகளில் இன்டெல் அதை நீக்கிவிட்டது. அதன் பாதுகாப்புக் குறைகளை ஆய்வாளர்கள் அதற்குள் வரிசையாக வெளியிட்டிருந்தார்கள். வட்டு அப்படியே இருக்கிறது, வட்டு இயக்கியும் இருக்கிறது. புதுக் கணினி வாங்கியவருக்கு மட்டும் முறைப்படி பார்க்க வழி போயிற்று. திரைக்குச் செல்லும் கம்பிக்கும் இதே கதைதான். ஹெச்டிஎம்ஐ கம்பியில் போகும் படத்தை இன்டெல் உருவாக்கிய ஹெச்டிசிபி பூட்டுகிறது. அதன் பழைய பதிப்பின் எல்லாச் சாவிகளுக்கும் மூலமான தாய்ச்சாவி 2010 செப்டம்பரில் வெளியாயிற்று. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. கம்பியைக் காத்தாலும் கடைசியில் திரை ஒளிர்ந்தாக வேண்டும். ஒளியை எந்தக் கேமராவும் பிடித்துவிடும். மனிதக் கண்ணுக்குள் மறைநீக்கக் கூறு வைக்க முடியாது.

ஆகவே படைப்பாளியைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. இரண்டு மூன்று ஆண்டு உழைத்த படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதியாகச் சுற்றுவதன் வலி தமிழ்த் திரையுலகுக்கு நன்றாகவே தெரியும். அதே திரையுலகம் இந்தப் பூட்டுகளோடு தினமும் புழங்குகிறது. திரையரங்குக்குப் படம் பூட்டிய கோப்பாகத்தான் போகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி தனியே வரும். எந்த அரங்கின் எந்தச் சேவையகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அந்தச் சாவிக்குள் எழுதப்பட்டிருக்கும். கடன் விவகாரம் முடியவில்லை, கேடிஎம் வரவில்லை, காலைக் காட்சி ரத்து என்ற செய்தியைச் சினிமா ரசிகர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அங்கே இயங்குசூழல் என்பது பூட்டிய அறையிலிருக்கும் புரொஜெக்டர். அது நடத்துபவரின் தொழில் கருவி. ஒப்பந்தம் போட்ட இரண்டு வணிகர்களுக்கிடையே இருக்கும் அந்தப் பூட்டு எனக்கு நியாயமாகப் படுகிறது.

அரங்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. என் மதிப்பில் அதுதான் உயர்ந்தது. படம் திறக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி ஒன்று ஒவ்வொரு காட்சியிலும் கலக்கப்படுகிறது. டிஜிட்டல் சினிமாவுக்கான டிசிஐ விதிகளின்படி ஒவ்வொரு 5 நிமிடத்துக்குள்ளும் 35 பிட் தகவல் அதில் இருக்க வேண்டும்: எந்த நேரம், எந்தக் கருவி என்பது. கேமராவில் திருட்டுத்தனமாகப் பிடித்த மங்கலான பிரதியிலிருந்துகூட அரங்கைக் கண்டுபிடிக்கலாம். இணையப் படத்துக்கு இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் மிக நுண்ணிய வேறுபாட்டுடன் இரண்டு பதிப்பாகத் தயாரிப்பார்கள். ஒருவருக்கு முதல் துண்டில் ஒரு பதிப்பு, அடுத்ததில் மற்றது என்று ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனி வரிசை. வெறும் 20 துண்டுகளிலேயே 10 லட்சத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு வரிசைகள் அமையும். சிலர் கூட்டுச் சேர்ந்து தங்கள் பிரதிகளைக் கலந்து குறியை அழிக்கப் பார்க்கலாம். அதைத் தாங்கும் வரிசைகளை அமைப்பதற்கென்றே ஒரு கணிதம் வளர்ந்திருக்கிறது. இந்த முறைக்கு உங்கள் போனில் மூடிய அறை எதுவும் தேவையில்லை. படம் பார்க்கும் எல்லாரையும் சந்தேகிக்காமல், கசியவிட்டவரை மட்டும் தேடிப் போகிறது. யார் எதைப் பார்த்தார் என்ற பதிவு நிறுவனத்திடம் குவியும் என்பதால் அதற்கும் கடிவாளம் வேண்டும். ஆனாலும் கடிவாளம் போடக்கூடிய முறை இது.

மூடிய அறையின் பாரம் யார் மேல் விழுகிறது என்பதற்கு 2009இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமேசானின் இரண்டாம் கிண்டில், புத்தகத்தை உரக்க வாசிக்கும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. புத்தகம் புத்தகமாக அந்த வசதியை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அமேசான் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. ஓர் அனுமதிக் குறி மாறியதும் பார்வையற்ற வாசகருக்கு அந்தப் புத்தகம் ஊமையாகிவிட்டது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவும் ஓரளவு நியாயமானது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது; சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பவரை விட்டுவிடுகிறது. அனுமதி இருக்கிறது, திறக்கும் கருவியைத் தருவது யார் என்பதற்குத்தான் பதில் இல்லை. சில்லுக்குள் இருக்கும் அரணுக்கு 65ஏ தெரியாது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்ததும் அவர் நூல் எல்லாருக்கும் பொது. அந்தத் தேதியில் தானாகத் திறந்துகொள்ளும் உரிமக் கோப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

உரிமச் சேவையகம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதும் வெறும் கற்பனையில்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாசகர்கள் வாங்கிய நூல்கள் ஜூலையோடு திறக்காமல் போயின. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது.

அச்சுப் புத்தகத்துக்கு இந்த ஆபத்து வராமல் நாம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமரா நூலகத்துக்கும் வேறு சில நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பூட்டோடு விற்கும் மின்நூலுக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் பூட்டில்லாத ஒரு பிரதியைப் பொது நூலகம் ஒன்றில் ஒப்படைக்கச் சொல்லலாம். உரிமைக் காலம் முடியும்வரை அதை வெளியே தரத் தேவையில்லை. விற்பனைக்கு வரும் நாளிலேயே அந்தப் பிரதி நூலகத்தின் கையில் இருக்க வேண்டும். சேவையகம் நின்ற பிறகு கேட்டால் தருவதற்கு யாரிடமும் சாவி இருக்காது.